கிராமத்தைக் கல்லூரியாக்கிய சௌந்தரம் அம்மையார்

சாரலில் நனையும் தென்காசியும் குற்றாலமும், மகேந்திரகிரியின் அடிவாரத்துத் திருக்குறுங்குடியும் நெடுங்காலம் ஒரே திருநெல்வேலிச் சீமையின் ஊர்கள். தென்காசி தனி மாவட்டமானது 2019-இல்தான். அச்சீமையின் திருக்குறுங்குடியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில், 1904-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18-ஆம் நாள் பிறந்தவர் டாக்டர் சௌந்தரம் அம்மையார். தந்தையார், மதுரையில் பேருந்துத் தொழிலை வளர்த்த டி.வி.சுந்தரம் ஐயங்கார்.

செல்வத்திற்குக் குறைவில்லை. எனினும் அக்கால வழக்கப்படி இளமையிலேயே மணம் முடிந்தது. மருத்துவரான கணவர் சௌந்தரராஜன் சில ஆண்டுகளிலேயே மறைந்தார். கைம்பெண் மூலையில் ஒதுங்குவதே முறை என்றிருந்த நாளில், தில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1936-இல் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

தில்லியில் காந்தியடிகளின் தொடர்பும், ஹரிஜன சேவையில் ஈடுபட்டிருந்த கேரளத்து ஜி.இராமச்சந்திரனின் நட்பும் வாய்த்தன. சாதி கடந்த அம்மணத்திற்கு வீட்டில் எதிர்ப்பு எழுந்தது. இருவரும் பொறுத்திருந்து, 1940-இல் காந்தியடிகள் முன்னிலையில் சேவாகிராமத்தில் மணந்துகொண்டனர். பின்னர் கஸ்தூரிபா நினைவு அறக்கட்டளையின் தமிழகப் பொறுப்பு அம்மையாரிடம் வந்தது. 1947-இல் நெசவாளர் ஊராகிய சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமம் தோன்றியது. மருத்துவமனை, தாதியர் பயிற்சி, ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம், கதர்த் தொழில் என ஒவ்வொன்றாக அங்கே வளர்ந்தன. இவற்றை விரித்தால் இதழ் போதாது. நாம் நின்று நோக்க வேண்டுவது, 1956-இல் அங்கு எழுந்த கிராமிய உயர்கல்வி நிலையத்தையே.

டாக்டர் கே.எல்.ஸ்ரீமாலி தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி, மத்திய அரசு அவ்வாண்டு நாட்டின் பல பகுதிகளில் இத்தகைய நிலையங்களை ஏற்படுத்தியது. தமிழகத்தில் காந்திகிராமமும், கோவை பெரியநாயக்கன்பாளையத்து இராமகிருஷ்ண வித்யாலயமும் அவ்வாய்ப்பைப் பெற்றன. மூன்றாண்டுப் படிப்பு, கிராமப் பணிப் பட்டயம் என்பது அதன் சான்று. நோயாளியின் கட்டிலருகே நில்லாமல் எவரும் மருத்துவராவதில்லை. அம்மையார் கற்ற கல்வி அத்தகையது. கூட்டுறவும் உழவும் சுகாதாரமும் பயில்வோர்க்குக் கிராமமே அக்கட்டில் என்ற எண்ணம் அவருக்கு எளிதாகவே வந்திருக்கும் என்று கருதுகிறோம். மாணவர் ஊர்களுக்குச் சென்றனர், வீடு வீடாக நிலைமையைக் கேட்டறிந்தனர், கணக்கு எழுதினர், துப்புரவுப் பணியில் மண்வெட்டியும் ஏந்தினர். 1952-இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்திற்கு, களம் அறிந்த பணியாளர் வேண்டப்பட்ட காலம் அது.

ஆயின் ஒரு முள் இருந்தது. வேலைவாய்ப்புக்கு இப்பட்டயம் பட்டப்படிப்புக்கு ஈடென்று மத்திய அரசு ஏற்ற பின்னும், மேற்படிப்புக்குச் சேர்த்துக்கொள்ளப் பல பல்கலைக்கழகங்கள் தயங்கின. சேற்றிலிறங்கிக் கற்றவனின் கல்வி, மரத்தடி நிழலில் குறிப்பெழுதியவனின் கல்விக்குத் தாழ்ந்ததா? பட்டணத்துப் பிள்ளைக்குப் பட்டம், பட்டிக்காட்டுப் பிள்ளைக்குப் பட்டயம் என்றானால், நல்லெண்ணத்தில் எழுந்த கல்வியே ஒரு புதிய வேலியாகிவிடும். பிற நிலையங்கள் பல இந்த நெருக்கடியில் வழக்கமான கல்லூரிகளாக உருமாறின. காந்திகிராமம் தன் போக்கை விடாது நின்று, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றுத் தானே பட்டம் வழங்கலாயிற்று. இடையே கழிந்தவை இருபது ஆண்டுகள்.

அம்மையார் 1952-இல் ஆத்தூரிலிருந்தும் 1957-இல் வேடசந்தூரிலிருந்தும் சட்டமன்றத்திற்கும், 1962-இல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்கும் தேர்வானார். 1967 வரை மத்தியக் கல்வித் துணையமைச்சர் பொறுப்பில் இருந்தார். 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் பெருமையை முழுவதும் அவருக்கே சூட்டுவோர் உளர். கோத்தாரி கல்விக்குழு முதலிய பலரின் உழைப்பும் அதிலுண்டு. மிகைப்புகழ் அவருக்குத் தேவையுமில்லை.

அவர் அமைச்சராயிருந்த 1964-ஆம் ஆண்டில்தான் குற்றாலத்தில் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி அறநிலையத் துறையின் கீழ்த் தோன்றியது. வேறு வழியில் வந்த முயற்சி அது. எனினும் தென்காசி வட்டாரத்துப் பெண்களுக்கு உயர்கல்வியின் வாயில் அருகே வந்தது. இன்று கல்லூரிகளெங்கும் களப்பயிற்சி பாடத்தின் பகுதியாகி வருகிறது. 2022-இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டமும் வேலைத்திறனை வலியுறுத்துகிறது. வரவேற்கத்தக்கதே. ஆனால் பீடி சுற்றி வாழும் குடும்பத்துப் பெண், ஒரு மாதம் ஊதியமின்றி வெளியூரிற் பயிற்சி பெற எங்ஙனம் போவாள்? சுற்றிய பீடிக்கான கூலியும் போகும். தங்குவதற்குச் செலவும் ஆகும். அறிமுகமுள்ள வீட்டுப் பிள்ளைக்கு நல்ல நிறுவனம் கிட்டும். அவளுக்குச் சான்றிதழ்த் தாள் மட்டுமே கிட்டும். காந்திகிராமத்து முறையில் ஊரைத் தேடித் தருவது நிலையத்தின் கடமை. மாணவர் குழுவாகச் செல்வர், ஆசிரியரும் உடன் செல்வார். எவருக்கும் பரிந்துரைக் கடிதம் தேவைப்படவில்லை.

1962-இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1984 அக்டோபர் 21 அன்று மறைந்தார். காந்திகிராமத்து மாணவர் ஊர்களிற் சென்று தங்கிப் பயிலும் வழக்கம் அவருக்குப் பின்னும் தொடர்ந்தது.