லாயத்தில் எழுந்த கல்விச்சாலை

புதிதாக ஒரு பள்ளிக்கூடம் எழும்போது கல்லும் மரமும் தேடுவோர் பலர். தக்கதொரு பெயரைத் தேடுவோர் சிலரே. இலக்கண நூலார் பெயர்களை இடுகுறியென்றும் காரணமென்றும் வகுத்தனர். ஊர்ப்பெயர் இடுகுறியாய் நின்றாலும் குற்றமில்லை. பள்ளியின் பெயர் காரணப்பெயராதல் வேண்டுமென்பது, பல்லாண்டு கரும்பலகையின் முன் நின்ற என் கருத்து. அவுஸ்திரேலியாவிலே கத்தோலிக்க ஆரம்பப் பள்ளிகள் பல இன்று மேரி மக்கிலப் அம்மையாரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அதற்குரிய காரணத்தை அவர்தம் சரிதத்திலேயே காணலாம்.

அம்மையார் 1842 ஆம் ஆண்டு ஜனவரி 15 ஆந் திகதி மெல்பேண் நகரிற் பிறந்தார். பெற்றோர் ஸ்கொத்லாந்து தேசத்தினின்று குடியேறியவர்கள். தந்தையார் ஒரு காலத்திற் குருத்துவத்துக்கென உரோமாபுரியிற் பயின்றவர். கல்வி மிக உடையவர், பொருளீட்டும் வல்லமை அறவே இல்லாதவர். எண்மர் பிள்ளைகளுள் மூத்தவராகிய மேரி இளமையிலேயே உழைத்துக் குடும்பத்தைத் தாங்கினார். 1860 இல் தென் அவுஸ்திரேலியாவிலுள்ள பெனோலா என்னும் சிற்றூரில், உறவினர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் பணியேற்றுச் சென்றார். அவ்வூர்ப் பங்குக் குருவாகிய யூலியன் தெனிசன் வூட்ஸ் அடிகளை அங்கே சந்தித்தார். அடிகள் மண்ணியலும் கற்றறிந்தவர். காடுகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் எழுத்தறியாது வளரும் ஏழைப் பிள்ளைகளை எண்ணி இருவரும் ஒருங்கே வருந்தினர்.

வருத்தம் செயலானது 1866 இல். கைவிடப்பட்ட குதிரை லாயம் ஒன்று பெனோலாவிற் கிடைத்தது. மேரியின் தம்பி யோன் அதனைச் செப்பனிட்டு வகுப்பறையாக்கிக் கொடுத்தார். சகோதரியர் இருவர் துணைநிற்க, மேரி ஆங்கே கற்பிக்கத் தொடங்கினார். பள்ளிக்கு இட்ட பெயர் அர்ச். சூசையப்பர் பெயர். மாட்டுத் தொழுவிற் பிறந்த பாலனைக் காத்த தச்சர் அவர். லாயத்திற் பிறந்த பள்ளிக்கு வேறெந்தப் பெயர் இத்துணைப் பொருந்தும்! பணங் கொடுக்க இயலாத பிள்ளைக்கும் ஆங்கே இடமிருந்தது.

1867 இல் அம்மையார் அடிலெயிட் நகரிற் கன்னியர் வார்த்தைப்பாடு எடுத்துக்கொண்டார். அவர் தொடங்கிய சூசையப்பர் சபையிலே மேலோர் கீழோர் என்னும் பிரிவில்லை. கற்பிப்பவரும் சமைப்பவரும் ஒரே தரத்தினர். செல்வர் வீட்டுப் பெண்களுக்குரிய அலங்காரமாக அந்நாளிற் கருதப்பட்ட வாத்திய இசையைத் தம் பள்ளிகளிற் கற்பிக்கவும் அவர்கள் உடன்படவில்லை. இசையை விலக்கியது எனக்கு உவப்பன்று. ஆயினும் அவர்கள் அஞ்சியது இசைக்கன்று, ஏழைப் பிள்ளைகள் பின்தள்ளப்படுவதற்கே என்பது விளங்குகின்றது. 1871 இல் நாற்பதுக்கு மேற்பட்ட பள்ளிகளிலும் அறநிலையங்களிலும் நூற்றுமுப்பது சகோதரிகள் பணிபுரிந்தனர்.

அவ்வாண்டிலேயே இடி விழுந்தது. அடிலெயிட் மேற்றிராணியார் லோறன்ஸ் ஷீல் ஆண்டகை சபையின் ஒழுங்குகளை மாற்ற முற்பட்டார். ஒவ்வொரு மடமும் அவ்வவ்விடத்துக் குருவின் ஆளுகைக்குட் செல்லவேண்டும். சகோதரிகள் இரு தரத்தினராகப் பிரிக்கப்படவேண்டும். அம்மையார் தம்மைச் சந்தித்துப் பேச இடந்தருமாறு வேண்டினார். வேண்டுகோள் கீழ்ப்படியாமையாகக் கொள்ளப்பட்டது. செப்டெம்பர் 22 ஆந் திகதி அவர் திருச்சபையினின்றே விலக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. பள்ளிகள் பல மூடப்பட்டன. சகோதரிகள் பலர் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு வாடகையின்றி வீடு தந்தவர் இமானுவேல் சொலமன் என்னும் யூத வணிகர். இப்பெயரையும் பள்ளிப் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று. ஆண்டகையவர்கள் மரணப் படுக்கையிற் கிடந்தபோது, 1872 பெப்ருவரி 23 ஆந் திகதி அத்தடையை நீக்கினார். அம்மையார் அவரைப் பழித்துத் திரியவில்லை. மூடிய பள்ளிகளைத் திறக்கச் சென்றார்.

1873 இல் உரோமாபுரி சென்று பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதரைக் கண்டார். சபையின் நடுநிலை ஆட்சி அங்கே ஏற்கப்பட்டது. ஆனால் முழு வறுமை பற்றிய விதி மாற்றப்பட்டதனால் வூட்ஸ் அடிகள் மனம் முறிந்து விலகினார். பெற்றதனோடு இழந்ததையும் கணக்கிடல் வேண்டும். 1883 இல் அடிலெயிட் மறைமாவட்டத்தினின்று மீண்டும் வெளியேற்றப்பட்ட அம்மையார் சிட்னியைத் தம் உறைவிடமாக்கினார். 1888 இற் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் சபைக்கு இறுதி அங்கீகாரம் அளித்தார். 1902 இற் பாரிசவாதம் வலப்பக்கத்தைப் பற்றியபோது அம்மையார் இடக்கையால் எழுதப் பழகினார். 1909 ஓகஸ்ட் 8 ஆந் திகதி காலமானார்.

அவர் மறைந்து நூறாண்டு நிறைந்த 2009 இல், அடிலெயிட் அதிமேற்றிராணியார் பிலிப் வில்சன் ஆண்டகை அந்தச் சபைவிலக்கிற்காகச் சகோதரிகளிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். மறு ஆண்டு அம்மையார் அர்ச்சியசிட்டவராக உயர்த்தப்பட்டார். லாயத்திற் கல்வி தொடங்கிய பெனோலாவிலே, கத்தோலிக்க ஆரம்பப் பள்ளியின் பெயர்ப்பலகையில் இன்று இருப்பது அவர் பெயரே.