தொண்ணூற்றொரு நாள்கள்

நுழையும்முன்

அரியணையைக் கைப்பற்ற நடந்த போர்களைப் பற்றி வரலாறு நிறையவே பேசுகிறது. கைக்கு வந்த பதவியை நாட்டின் நலன் கருதி மற்றொருவரிடம் ஒப்படைத்தவர்களைப் பற்றிய பக்கங்களோ மிகச் சிலவே. சீனக் குடியரசின் முதல் தலைவராகிய சன் யாட் சென், அத்தகைய பக்கங்களில் இடம்பெறுபவர். 1912ஆம் ஆண்டில் அவர் அமைத்த இடைக்கால அமைச்சரவை மூன்று திங்களே நிலைத்தது. அது எவ்வாறு உருவாயிற்று, ஏன் விலகியது, எதனை விட்டுச் சென்றது என்பவற்றை அவருடைய வாழ்வின் வழியாக அறிவோம்.

இளமையும் கல்வியும்

தென்சீனத்தின் குவாங்டுங் மாகாணத்தில் கடலுக்கு அண்மையில் அமைந்த சிற்றூர் சுய்ஹெங். அங்கு எளிய உழவர் குடும்பம் ஒன்றில் 1866ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் சன் யாட் சென் பிறந்தார். அவருடைய தமையனார் சன் மெய், ஹவாய்த் தீவுகளுக்குக் குடிபெயர்ந்து, உழைப்பால் உயர்ந்து நிலக்கிழாரானார். 1879இல் தம் தமையனாரிடம் சென்ற சிறுவர் சன், ஹொனலுலுவில் ஆங்கிலவழிக் கல்வி பெற்றார். தம் ஊரில் கண்டிராத பள்ளிகளையும் சட்டத்தின்படி இயங்கும் அலுவலகங்களையும் அங்கே கண்டார். இவை தம் நாட்டில் ஏன் இல்லை என்னும் வினா அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

பின்னர் ஹாங்காங்கில் சீனர்களுக்கான மருத்துவக் கல்லூரியில் பயின்று 1892இல் தேறினார். அக்கல்லூரியில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற இருவருள் அவர் ஒருவர். சிறிது காலம் மக்காவில் மருத்துவப் பணி செய்தார். ஆயினும் உடற்பிணியைத் தீர்ப்பதைக் காட்டிலும் நாட்டின் பிணியைத் தீர்ப்பதிலேயே அவர் மனம் நாடியது.

அக்காலச் சீனத்தை ஆண்டவர்கள் மஞ்சு மரபினர். அபினிப் போர்களில் தோற்ற அவ்வரசு, துறைமுகங்களையும் வணிக உரிமைகளையும் ஐரோப்பிய வல்லரசுகளுக்கு விட்டுக்கொடுத்திருந்தது. 1894இல் சன், அரசின் மூத்த அமைச்சர் லி ஹொங்சாங்குக்கு விரிவான விண்ணப்பம் ஒன்றை எழுதினார். கல்வி, வேளாண்மை, தொழில், வணிகம் ஆகியவற்றைச் சீர்திருத்தும் வழிகளை அதில் எடுத்துரைத்தார். அதற்கு மறுமொழி வரவில்லை. வேண்டுகோளால் விளையாத மாற்றத்தைப் புரட்சியால் கொணர்வதே வழி என்று அவர் துணிந்தார்.

நாடு கடந்த வாழ்வு

1894 நவம்பரில் ஹொனலுலுவில் சீன மறுமலர்ச்சிக் கழகத்தை நிறுவினார். மறு ஆண்டு குவாங்சோ நகரில் அக்கழகம் திட்டமிட்ட எழுச்சி முன்னரே வெளிப்பட்டுவிட்டது. இளமைக்கால நண்பர் லு ஹாவ்டொங் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். சன் ஜப்பானுக்குத் தப்பினார். மஞ்சு அரசுக்கு அடங்கியதன் அடையாளமாக ஆடவர் அனைவரும் வளர்த்தாக வேண்டியிருந்த நீண்ட பின்னலை அங்கே வெட்டியெறிந்தார்.

1896இல் இலண்டனில் இருந்த சீனத் தூதரகம் அவரைச் சிறைப்பிடித்தது. இரகசியமாகக் கப்பலேற்றிச் சீனத்துக்கு அனுப்பத் திட்டம் வகுக்கப்பட்டது. தூதரகப் பணியாளர் ஒருவர் வழியாகச் செய்தி வெளியே சென்றது. ஹாங்காங்கில் அவருக்கு ஆசிரியராக இருந்த மருத்துவர் ஜேம்ஸ் கான்ட்லி, அதிகாரிகளையும் செய்தித்தாள்களையும் நாடி அவரை மீட்டார். அந்நிகழ்வால் சன்னின் பெயர் உலகறிந்ததாயிற்று.

1905இல் டோக்கியோவில், பிரிந்து கிடந்த புரட்சிக் குழுக்களை ஒன்றிணைத்துத் துங்மெங்குய் என்னும் கூட்டணியைத் தோற்றுவித்தார். தேசியம், மக்களாட்சி, மக்கள் வாழ்வாதாரம் என்னும் மூன்று கோட்பாடுகள் அதன் அடித்தளமாயின. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் வாழ்ந்த சீன வணிகர்களும் தொழிலாளர்களும் தம் சேமிப்பை அவ்வியக்கத்துக்கு ஈந்தனர். 1910இல் பினாங்கில் கூடி வகுத்த திட்டத்தின்படி, 1911 ஏப்ரலில் குவாங்சோவில் மீண்டும் ஓர் எழுச்சி நிகழ்ந்தது. அதுவும் தோற்றது. மாண்ட இளைஞர்களுள் எழுபத்திரண்டு பேரின் உடல்கள் அந்நகரின் புறத்தே ஒரு குன்றில் அடக்கம் செய்யப்பட்டன.

வூசாங் எழுச்சி

தோல்விகளின் வரிசைக்குப் பின் வெற்றி எதிர்பாராத இடத்தில் பிறந்தது. 1911 அக்டோபர் 9ஆம் நாள் ஹான்கோ நகரில் புரட்சியாளர் மறைவிடம் ஒன்றில் குண்டு தவறுதலாக வெடித்தது. காவலர்கள் உறுப்பினர் பட்டியலைக் கைப்பற்றினர். இனிக் காத்திருந்தால் சாவு உறுதி என்று உணர்ந்த வீரர்கள், மறுநாள் ஆற்றின் மறுகரையிலிருந்த வூசாங்கில் கிளர்ந்தெழுந்தனர். அடுத்த சில வாரங்களில் மாகாணங்கள் ஒவ்வொன்றாக மஞ்சு ஆட்சியிலிருந்து விலகின.

அப்போது சன் அமெரிக்காவில் நிதி திரட்டிக்கொண்டிருந்தார். டென்வர் நகரில் செய்தித்தாளைக் கண்டே வெற்றியை அறிந்தார். உடனே தாயகம் திரும்பிப் படை நடத்த அவர் விரும்பியிருக்கலாம். ஆனால் ஐரோப்பியர் தரும் கடன் மஞ்சு அரசை மீண்டும் எழச் செய்துவிடும் என்பதை உணர்ந்து, முதலில் இலண்டனுக்கும் பாரிசுக்கும் சென்று அக்கடனைத் தடுக்க முயன்றார். டிசம்பர் 25ஆம் நாள் ஷாங்காய் வந்து சேர்ந்தார். நான்கு நாள்களுக்குப் பின், நான்ஜிங்கில் கூடிய பதினேழு மாகாணப் பேராளர்கள் வாக்களித்தனர். பதினேழு வாக்குகளில் பதினாறு பெற்று அவர் இடைக்காலத் தலைவரானார்.

அமைச்சரவை அமைந்த வகை

1912 சனவரி 1ஆம் நாள் சன் தொடர்வண்டியில் ஷாங்காயிலிருந்து நான்ஜிங் சென்று, அன்று இரவே பதவியேற்றார். பழைய நாள்காட்டியின்படி அது பதினோராம் திங்களின் பதின்மூன்றாம் நாள். அதனையே ஆண்டின் முதல் நாளாகக் கொள்ளும் உலகப் பொது நாள்காட்டியைப் புதிய குடியரசு ஏற்றது. பதவியேற்பு உறுதிமொழியிலேயே, கொடுங்கோன்மை வீழ்ந்து, உள்நாட்டில் அமைதி நிலவி, உலக நாடுகள் குடியரசை ஏற்கும் நாளில் தாம் விலகுவதாக அவர் கூறியிருந்தார். பதவியை ஏற்கும்போதே அதனை விடும் நாளையும் அறிவித்த தலைவர் அவர்.

அடுத்த பணி அமைச்சரவை அமைத்தல். அப்பணி எளிதன்று. பல்லாண்டுகள் குருதி சிந்திய தோழர்கள் ஒருபுறம் இருந்தனர். மஞ்சு அரசில் உயர்பதவி வகித்துப் புரட்சிக்குப் பின் அணிமாறியவர்களும் மாகாணச் செல்வர்களும் மறுபுறம் இருந்தனர். தோழர்களை மட்டும் அமர்த்தினால் மாகாணங்கள் விலகும். பழைய அதிகாரிகளை மட்டும் அமர்த்தினால் புரட்சி பொருளற்றதாகும். எனவே ஒன்பது துறைகளுள் மூன்றினைத் துங்மெங்குய் உறுப்பினர்க்கும், எஞ்சிய ஆறினைப் பெயர்பெற்ற அதிகாரிகள், அறிஞர்கள், தொழிலதிபர்கள் ஆகியோர்க்கும் அளித்தார். துணை அமைச்சர் பதவிகளில் பெரும்பாலும் புரட்சியாளர்களை அமர்த்தினார். புகழும் பட்டறிவும் தலைமையில் இருக்க, செயலாற்றும் கைகள் தோழர்களுடையனவாக இருக்கும்படி அவர் வகுத்த ஏற்பாடு இது.

பேராளர் அவையின் இசைவின்றி அமைச்சரை அமர்த்த இயலாது என்னும் விதியையும் அவர் மதித்தார். உள்துறைக்கு அவர் முன்மொழிந்த இளம் புரட்சியாளர் சோங் ஜியாவ்ரெனை அவை ஏற்கவில்லை. சன் தம் விருப்பத்தைக் கைவிட்டு வேறொருவரை அமர்த்தினார். சோங் சட்டமியற்றும் அலுவலகத்தின் தலைவரானார். புரட்சியின் தலைவரே அவையின் சொல்லுக்குக் கட்டுப்பட்டமை, பேரரசர் ஆண்ட நாட்டுக்குப் புதிய பாடமாக அமைந்தது.

தெரிந்து தெளிவோம்
நான்ஜிங் இடைக்கால அமைச்சரவை, 1912
தலைவர் – சன் யாட் சென்
துணைத் தலைவர் – லி யுவான்ஹோங்
தரைப்படை – ஹுவாங் சிங்
கடற்படை – ஹுவாங் சோங்யிங்
வெளியுறவு – வாங் சோங்குய்
உள்துறை – செங் தேச்சுவான்
நிதி – சென் ஜின்டாவ்
நீதி – வூ டிங்ஃபாங்
கல்வி – காய் யுவான்பெய்
தொழில் – ஜாங் ஜியான்
போக்குவரத்து – தாங் ஷௌச்சியான்

வெறுமையான கருவூலம்

ஆட்சி அமைந்ததேயன்றி அதனை நடத்தப் பொருளில்லை. சுங்க வரி வெளிநாட்டார் கையில் இருந்தது. மாகாணங்கள் தம் வருவாயைத் தம் படைகளுக்கே செலவிட்டன. எந்த வல்லரசும் குடியரசை ஏற்கவில்லை; ஆகவே கடனும் கிடைக்கவில்லை. நான்ஜிங்கில் குவிந்திருந்த வீரர்களுக்கு ஊதியம் தர வழியின்றி ஹுவாங் சிங் தவித்தார். ஹான்யேபிங் இரும்பு நிறுவனத்தில் ஜப்பானியரைப் பங்காளியாக்கிக் கடன் பெறும் முயற்சி நடந்தபோது, தொழில் அமைச்சர் ஜாங் ஜியான் அதனை எதிர்த்துப் பதவி விலகினார். எதிர்ப்பு வலுக்கவே அம்முயற்சி கைவிடப்பட்டது.

இத்தகைய நெருக்கடியிலும் அரசு ஆணைகளைப் பிறப்பித்த வண்ணம் இருந்தது. ஆடவர் பின்னலை நீக்குமாறும், பெண்குழந்தைகளின் பாதங்களைக் கட்டிக் குறுக்கும் கொடுமையை நிறுத்துமாறும் ஆணையிட்டது. விசாரணையில் வதை செய்தலையும் மனிதரை விற்பதையும் தடை செய்தது. அதிகாரிகளைப் பெருமகனார் என்றும் எசமானர் என்றும் அழைக்கும் வழக்கத்தை ஒழித்தது. கல்வி அமைச்சர் காய் யுவான்பெய், தொடக்கப் பள்ளியின் கீழ்வகுப்புகளில் சிறுவரும் சிறுமியரும் ஒன்றாகப் பயில வழிசெய்தார். குடியரசின் நோக்கத்துக்கு ஒவ்வாத பழைய பாடநூல்களை விலக்கினார்.

எனினும் அவ்வரசின் பார்வை எட்டாத இடங்களும் இருந்தன. மார்ச்சுத் திங்களில் தாங் சுன்யிங் தலைமையில் பெண்கள் வாக்குரிமை கேட்டு நான்ஜிங் அவைக்குள் நுழைந்தனர். இனம், வகுப்பு, சமயம் ஆகியவற்றால் வேற்றுமை இல்லை என்று கூறிய இடைக்கால அரசியலமைப்பு, ஆண் பெண் வேற்றுமையைப் பற்றி எதுவும் கூறவில்லை. புரட்சியில் பங்கேற்ற மகளிர் ஏமாற்றத்துடன் திரும்பினர்.

பதவி துறத்தல்

வடக்கே நாட்டின் வலிமை மிக்க படை யுவான் ஷிகாயின் கையில் இருந்தது. மஞ்சு அரசின் தலைமை அமைச்சராகிய அவர், புரட்சியாளரையும் அரண்மனையையும் ஒருசேர அச்சுறுத்தித் தம் நிலையை உயர்த்திக்கொண்டார். போரைத் தொடர்ந்தால் நாடு பிளவுபடும். பிறநாட்டார் உள்ளே நுழைவர். போரைத் தவிர்த்தால் ஆட்சியை ஐயத்துக்குரிய ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். இவ்விரண்டனுள் சன் இரண்டாவதைத் தேர்ந்தார். பேரரசரைப் பதவி விலகச் செய்து குடியரசை ஏற்றால் தலைமைப் பதவி யுவானுக்கே உரியது என்று அறிவித்தார்.

பிப்ரவரி 12ஆம் நாள், ஆறு அகவை நிரம்பிய பேரரசர் பூயியின் பெயரால் துறவு ஆணை வெளிவந்தது. ஈராயிரம் ஆண்டுகளைக் கடந்த பேரரசு முறை முடிவுற்றது. மறுநாளே சன் தம் விலகல் கடிதத்தை அவையில் அளித்தார். தலைநகர் நான்ஜிங்காக இருத்தல் வேண்டும், புதிய தலைவர் அங்கு வந்தே பதவியேற்க வேண்டும், இடைக்கால அரசியலமைப்பை மதிக்க வேண்டும் என மூன்று நிபந்தனைகளை விதித்தார். யுவானை அழைத்துவரக் காய் யுவான்பெய் தலைமையில் குழு பெய்ஜிங் சென்றது. பிப்ரவரி 29ஆம் நாள் இரவு அங்குப் படைவீரர்கள் கலகம் செய்தனர். அதனையே காரணமாகக் காட்டி யுவான் வடக்கிலேயே தங்கினார். கலகத்தைத் தூண்டியவர் அவரே என்னும் ஐயம் அன்றே எழுந்தது. மார்ச்சு 10ஆம் நாள் அவர் பெய்ஜிங்கிலேயே பதவியேற்றார். முதல் இரு நிபந்தனைகளும் காற்றில் கரைந்தன.

மறுநாள் சன் ஐம்பத்தாறு விதிகள் கொண்ட இடைக்கால அரசியலமைப்பை வெளியிட்டார். நாட்டின் இறைமை மக்கள் அனைவருக்கும் உரியது என்று அது கூறியது. தலைவரின் ஆணைகளில் அமைச்சரும் ஒப்பமிட வேண்டும் என்றும் விதித்தது. ஏப்ரல் 1ஆம் நாள் சன் முறைப்படி விலகினார். அவர் ஆட்சி தொண்ணூற்றொரு நாள்களே நீடித்தது.

பின்விளைவும் மதிப்பீடும்

பதவி துறந்த சன், நாடெங்கும் இருப்புப்பாதை அமைக்கும் கனவில் ஈடுபட்டார். ஆனால் தாள்மீது எழுதிய சட்டத்தால் யுவானின் படையைத் தடுக்க இயலவில்லை. 1913 மார்ச்சில், தேர்தலில் கட்சியை வெற்றிபெறச் செய்த சோங் ஜியாவ்ரென் ஷாங்காய் தொடர்வண்டி நிலையத்தில் சுடப்பட்டு மாண்டார். அவ்வாண்டு நடந்த இரண்டாம் புரட்சி தோற்க, சன் மீண்டும் ஜப்பானுக்குச் சென்றார். யுவான் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். 1915 இறுதியில் தம்மைப் பேரரசராகவும் அறிவித்துக்கொண்டார்.

அவ்விடத்தில்தான் அந்தக் குறுகிய ஆட்சியின் பயன் வெளிப்பட்டது. குடியரசின் சுவையை ஒருமுறை அறிந்த மாகாணங்கள் மன்னரை ஏற்க மறுத்து எழுந்தன. யுவானின் தளபதிகளே தயங்கினர். 1916 மார்ச்சில் முடியாட்சியைக் கைவிட்ட யுவான், அவ்வாண்டு சூன் திங்களில் இறந்தார்.

படைவலிமை இல்லாத குடியரசு நிலைக்காது என்னும் உண்மையைச் சன் தம் பட்டறிவால் உணர்ந்தார். 1924இல் குவாங்சோ அருகே வாம்போவாவில் படைத்துறைப் பள்ளி தொடங்கினார். நாட்டை ஒன்றிணைக்கும் பேச்சுக்காகப் பெய்ஜிங் சென்றவர், 1925 மார்ச்சு 12ஆம் நாள் புற்றுநோயால் அங்கே காலமானார். அவரது உடல் 1929இல் நான்ஜிங்கின் ஊதா மலையில் அடக்கம் செய்யப்பட்டது.

சன் யுவானுக்கு வழிவிட்டது தவறு என்பாரும் உளர். அன்றைய நிலையில் வேறு வழியில்லை என்பாரும் உளர். போரைத் தவிர்த்த அவருடைய முடிவு, சோங் போன்றோரின் உயிரைக் காக்கவில்லை என்பதை மறுக்க இயலாது. அவர் காட்டிய நெறியையும் மறுக்க இயலாது. ஆட்சி ஒருவரின் உடைமை ஆகாது, மக்கள் ஒப்படைத்த பொறுப்பே அது என்பதைச் சொல்லால் கூறியதோடு நில்லாமல், விலகியும் காட்டினார். பின்னாளில் எதிரெதிராய் நின்ற சீன மண்ணும் தைவானும் இன்றும் அவரைப் போற்றுகின்றன.

கற்பவை கற்றபின்

1. சன் யாட் சென் அமைச்சர்களைத் தேர்ந்த முறையின் நன்மை தீமைகளை வகுப்பில் கலந்துரையாடுக.
2. 1912 பிப்ரவரியில் நான்ஜிங் அவையின் உறுப்பினராக நீங்கள் இருந்திருந்தால், சன்னின் விலகலை ஏற்றிருப்பீர்களா? காரணங்களுடன் ஒரு பக்க அளவில் எழுதுக.