ஒருத்தர் பின் ஒருத்தர்! – எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா

ஒரு சின்னக் கணக்கு! கரும்பலகையில் சத்துணவு எண்ணிக்கை 40 என்று இருக்கு. இரண்டு லீடர்கள் ஒரே சமயத்தில் அதைப் பார்த்து, ஆளுக்கு ஒருவரைச் சேர்த்து, இருவருமே 41 என்று எழுதுகிறார்கள். வரவேண்டியது 42. ஒரு பிள்ளைக்குச் சாப்பாடு போச்சு!

கம்ப்யூட்டருக்குள்ளும் இதே கதைதான். த்ரெட் எனப்படும் பல இழைகள் ஒரே ஆப்ஜெக்டை ஒரே நேரத்தில் மாற்றினால் கணக்கு தப்பிவிடும். இதற்கு வழி சொன்ன மேதைதான் டெய்க்ஸ்ட்ரா.

இவர் 1930 மே 11-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் பிறந்தார். அப்பா வேதியியல் ஆசிரியர், அம்மா கணிதம் கற்றவர். 1952-ல் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் புரோகிராமராகச் சேர்ந்தார். 1957-ல் தன் கல்யாணப் பதிவில் தொழில் 'புரோகிராமர்' என்று எழுதினார். அப்படி ஒரு தொழிலே இல்லைன்னு அதிகாரிகள் சொல்லிட்டாங்க! 'இயற்பியலாளர்' என்று மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

ஒருவர் உள்ளே இருக்கும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். இதுதான் அவர் வகுத்த விதி. அதற்காக அவர் உருவாக்கிய கருவிக்கு ரயில் கைகாட்டியின் பெயரையே வைத்தார்: செமஃபோர். கைகாட்டி இறங்கினால்தானே வண்டி நகரும்? அதே மாதிரிதான் இழையும். 1970-களில் ஹோர், பிரிஞ்ச் ஹான்சன் இருவரும் இந்தப் பூட்டை டேட்டாவோடு சேர்த்தே வைக்கும் முறையைத் தந்தார்கள். ஜாவாவில் 'சிங்க்ரனைஸ்டு' என்று எழுதும்போது ஆப்ஜெக்டுக்குப் பூட்டு விழுவது அந்த வழியில் வந்ததுதான். நம்ம பெருங்குடி, சோழிங்கநல்லூர் ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் அண்ணன், அக்காக்களுக்கு இது நல்லாவே தெரியும்.

பூட்டு மட்டும் போதாது என்றும் அவர் காட்டினார். ஐந்து பேர் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். இருப்பது ஐந்தே முள்கரண்டி, ஆனால் ஒருவருக்கு இரண்டு வேண்டும். ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தால் எல்லோருமே பட்டினிதான்!

இந்தத் தப்பு ஆயிரம் தடவையில் ஒரு தடவைதான் தலைகாட்டும். நூறு முறை ஓட்டிப் பார்த்து சரியா வந்தாலும் நம்ப முடியாது. அதனால், எழுதும் முன்பே யோசித்து நிரூபிக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

1972-ல் டூரிங் விருது பெற்றார். 1984 முதல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 2002 ஆகஸ்ட் 6-ல் புற்றுநோயால் மறைந்தார்.

இன்னொரு ஆச்சரியம்! கம்ப்யூட்டர் மேதையான அவர் எழுதிய 1300-க்கும் மேற்பட்ட குறிப்புகளில் பெரும்பாலானவை, நம் சுவர்ப் பத்திரிகை மாதிரியே, மைப்பேனாவால் கையால் எழுதியவை. நாமும் முதலில் யோசிப்போம், அப்புறம் கீபோர்டைத் தொடுவோம்!