கதவைத் திறந்தார்; கட்டிலும் போட்டார்!

சூன் திங்கள் வந்துவிட்டது என்றால், தோளிலே ஒரு பை, கையிலே ஒரு பிளாஸ்டிக் வாளி, பக்கத்திலே வேட்டியை மடித்துக் கட்டிய தந்தை — இந்தக் காட்சியைப் பேருந்து நிலையந்தோறும் காணலாம். பிள்ளை கல்லூரிக்குப் போகிறான்! அந்தக் குடும்பத்திலே கல்லூரி வாயிலை முதன்முதலாக மிதிக்கப் போகும் பிள்ளை! தந்தையின் முகத்திலே பெருமிதமும் இருக்கும், கலக்கமும் இருக்கும். இடம் கிடைத்துவிட்டது, அதனால் பெருமிதம். எங்கே தங்குவான், என்ன உண்பான், அதனால் கலக்கம்.

நாம் பள்ளிப் படிப்போடு நின்றவர்கள். கல்லூரிக்குள்ளே நாம் நுழைந்ததெல்லாம், பேசுவதற்கு அழைத்தபோதுதான்! ஆனால் நம்மோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்த நண்பன் ஒருவன் போனான். மதிப்பெண்ணிலே குறைவில்லை; இடஒதுக்கீட்டிலே இடமும் கிடைத்தது. விடுதியிலே மட்டும் இடமில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். உறவினர் வீட்டுத் திண்ணையிலே சில நாள், அறுபது கிலோமீட்டர் பேருந்திலே சில நாள் என்று ஓட்டிப் பார்த்தான். தீபாவளிக்கு ஊர் வந்தவன் திரும்பிப் போகவே இல்லை. அவனுக்குரிய உதவித்தொகை வந்து சேர்ந்தபோது, அவன் திருப்பூரிலே பனியன் மடித்துக் கொண்டிருந்தான்.

இடம்தான் கொடுத்தோமே, ஏன் படிக்கவில்லை என்று கேட்கும் மேதாவிகள் இன்றும் உளர். அந்தக் கேள்விக்கு நூறாண்டுகளுக்கு முன்பே, மராட்டிய மண்ணிலே ஒரு மன்னர் விடை சொல்லிவிட்டார். வாயால் சொன்னாரில்லை, விடுதி விடுதியாகக் கட்டிச் சொன்னார்! கோலாப்பூர் சாகு மகராஜ் அவர். பிறந்ததும் இதே சூன் திங்களிலேதான்; 1874-ஆம் ஆண்டு, 26-ஆம் நாள்.

அரியணைக்கென்றே பிறந்தவரல்லர் அவர். கோலாப்பூருக்கு அடங்கிய காகல் என்னும் சிற்றூரின் காட்கே குடும்பத்துப் பிள்ளை. 1884-ல் கோலாப்பூர் அரசி ஆனந்திபாய் அவரைத் தத்தெடுத்தார். இராஜ்கோட்டிலே இளவரசர்களுக்கென இருந்த கல்லூரியில் சில காலம், பிறகு தார்வாரிலே பிரேசர் என்ற ஆங்கிலேயரிடம் பயிற்சி, அவ்வளவே அவர் கல்வி. கல்லூரி என்பது பெயரளவிலேதான். உண்மையில் அது பள்ளி. பல்கலைக்கழகம் ஏறிப் பட்டம் பெறாதவர் என்பதிலே நமக்கும் அவருக்கும் ஓர் உறவு உண்டு என்று சொல்லிக்கொள்ள ஆசை! ஆனால் அவருக்குப் பிற்காலத்திலே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மதிப்புப் பட்டம் அளித்தது. நமக்கு அது வாய்க்காது.

1894-ல், இருபது வயது நிரம்புமுன், ஆட்சிப் பொறுப்பு கைக்கு வந்தது. இளைஞர் முதலிலே கணக்கைப் பார்த்தார். உயர் அலுவல்கள் 71. அவற்றிலே 60-ல் பிராமணர்கள்! மற்ற எல்லாச் சாதியாருக்கும், எல்லாச் சமயத்தாருக்கும் சேர்த்து மிச்சம் 11! உழுதவன், நெய்தவன், ஆடு மேய்த்தவன், தெருக் கூட்டியவன், எல்லோரும் வரி கட்டினர். அலுவலக நாற்காலியோ ஒரு வகுப்பாரின் வழிவழிச் சொத்தாக இருந்தது. ஏன் இப்படி என்றால், ஆயத்தமாக ஒரு விடை அங்கே காத்திருக்கும். மற்றவர்களிலே தகுதியுள்ளவர்கள் இல்லை என்பார்கள்! நமக்கும் பழகிப்போன விடைதான்.

அந்த விடையோடு பலர் வாய் மூடிக்கொள்வர். சாகு மகராஜ் அடுத்த கேள்விக்குப் போனார். தகுதி ஏன் இல்லை? படிக்கவில்லை. ஏன் படிக்கவில்லை? ஊரிலே பள்ளியில்லை, தொடக்கப் பள்ளி இருந்தாலும் உயர் கல்விக்குக் கோலாப்பூர் நகருக்கு வரவேண்டும். நகரத்திலே இராஜாராம் கல்லூரி இருக்கிறது, கதவும் திறந்தே இருக்கிறது. ஆனால் நாட்டுப்புறத்துக் குடியானவன் மகன் இரவிலே எங்கே படுப்பான்? எந்த வீட்டிலே அவனுக்கு அறை தருவார்கள்? எந்தப் பந்தியிலே அவனுக்கு இலை போடுவார்கள்? சாதி பார்த்து வீடு, சாதி பார்த்து உணவு என்றிருந்த நகரத்திலே, கல்லூரிக் கதவு திறந்திருந்து என்ன பயன்!

எனவே 1896-ல் அனைத்துச் சாதி மாணவர்க்கும் பொதுவாக ஒரு விடுதி ஏற்படுத்தினார். இங்கேதான், அருமைத் தோழர்களே, நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். பொதுவிடுதி என்ற பெயர் பொதுவாகவே இருந்தது. உள்ளே இருந்த பிள்ளைகளோ சில ஆண்டுகளிலேயே ஒரே வகுப்பினராகிவிட்டனர். நிர்வாகம் யார் கையிலே இருந்ததோ, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே அந்த வாயிற்படி தாழ்வாக இருந்தது. மற்றவர்க்கு அது மலையாக உயர்ந்து நின்றது. எவருக்கும் தடையில்லை என்று எழுதிவைத்தால் எல்லோரும் வந்துவிடுவர் என்ற நம்பிக்கை, மன்னர் கண்ணெதிரிலேயே கரைந்து போயிற்று. இந்தத் தோல்விதான் அவருக்கு ஆசான். நூறு புத்தகம் படித்தாலும் கிடைக்காத பாடம்!

இதற்கிடையே 1899-ஆம் ஆண்டு வாக்கிலே இன்னொரு நிகழ்ச்சி நடந்தது. பஞ்சகங்கை ஆற்றிலே மன்னர் நீராடச் சென்றபோது, புரோகிதர் வேத மந்திரம் ஓதாமல் புராண மந்திரம் ஓதினார். மன்னரே ஆனாலும் அவர் சூத்திரர், வேதம் கேட்கும் உரிமை அவருக்கு இல்லையென்பது காரணம்! மராட்டிய நாடே இரண்டுபட்டது. திலகரின் கேசரி ஏடு மன்னரின் எதிர்ப்பக்கம் நின்றது. வேத மந்திரம் வேண்டுமென்று மன்னர் போராடியதை நாம் பெரிதாகப் போற்றுவதற்கில்லை. அந்த மந்திரத்தையே ஒதுக்கித் தள்ளியிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்போம்! ஆனால் அரண்மனைவாசியையே ஆற்றங்கரையிலே அப்படி நிறுத்துகிறார்கள் என்றால், குடிசைவாசியைக் கல்லூரி வாயிலிலே எப்படி நிறுத்துவார்கள் என்பதை அவர் உடம்பாலேயே உணர்ந்திருப்பார்.

1901-ல் மராட்டிய மாணவர்க்கு விக்டோரியா விடுதி எழுந்தது. அதே ஆண்டு சமணர்க்கு ஒன்று. 1906-ல் முஸ்லிம்களுக்கு, 1907-ல் லிங்காயத்துகளுக்கு, 1908-ல் தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு மிஸ் கிளார்க் விடுதி. பிறகு தையற்காரர் சமூகத்துக்கு, பொற்கொல்லர்க்கு, கிறித்தவர்க்கு, பிராமணரிலேயே ஒரு பிரிவினர்க்கு என்று எண்ணிக்கை இருபதை எட்டிற்று. நிலம் தந்தார், கட்டடம் தந்தார், ஆண்டுதோறும் மானியம் தந்தார். நிர்வாகத்தை அந்தந்தச் சமூகத்தாரிடமே விட்டார். 1896-ன் பாடம் வீண்போகவில்லை!

வரிசையைக் கவனியுங்கள். 1901-ல் விடுதி, 1902-ல்தான் வேலை. ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக இங்கிலாந்து சென்றிருந்த மன்னரின் ஆணை, 1902 சூலை 26-ல் கோலாப்பூர் அரசிதழிலே வெளிவந்தது. காலியாகும் அலுவல்களில் நூற்றுக்கு 50 பின்தங்கிய வகுப்பினர்க்கு! எந்த அலுவலகத்திலே அவர்கள் பாதிக்கும் குறைவோ, அங்கே அடுத்த நியமனம் அவர்களுக்கே! மூன்று மாதத்துக்கு ஒருமுறை, யாரை நியமித்தோம் என்ற கணக்கைத் துறைத் தலைவர்கள் காட்டவேண்டும்! நல்ல ஆணைகள் அலமாரியிலே உறங்கிப் போவது எப்படியென்று அறிந்தவர்தான் அந்தக் கடைசி நிபந்தனையைச் சேர்த்திருக்க முடியும். பலன்? 1912-ல் அலுவல்கள் 95. அவற்றிலே பிராமணர் 35. எவரையும் விரட்டவில்லை, மற்றவர்கள் உள்ளே வந்தனர்.

நம் சென்னையிலே நீதிக்கட்சியின் வகுப்புரிமை ஆணை 1921-ல் பிறந்தது. அதற்கு முன்னே, திருவல்லிக்கேணியிலே டாக்டர் நடேசனார் திராவிடர் இல்லம் என்ற மாணவர் விடுதியை நடத்தத் தொடங்கினார். வெளியூர்ப் பிள்ளைகள் சென்னையில் படிக்கத் தங்க இடமின்றித் தவித்ததே காரணம். இங்கேயும் முதலிலே விடுதி, பிறகுதான் ஆணை! கோலாப்பூரும் சென்னையும் பேசிவைத்துக் கொண்டனவா என்ன? நோய் ஒன்று, மருந்தும் ஒன்றாயிற்று.

ஆணையைக் கண்டு கொதித்தவர் பலர். சாங்கிலி நகரத்து வழக்கறிஞர் அபயங்கர் மன்னரிடமே வந்து, தகுதிக்குத்தான் மதிப்பு வேண்டும் என்று வாதாடியதாக மராட்டிய நாட்டிலே ஒரு கதை வழங்குகிறது. மன்னர் அவரைக் குதிரை லாயத்துக்கு அழைத்துப் போனாராம். ஒவ்வொரு குதிரையின் வாயிலும் தனித்தனிப் பையிலே கொள்ளு. பைகளை அவிழ்த்து, கொள்ளு முழுவதையும் ஒரே விரிப்பிலே கொட்டச் சொன்னாராம் மன்னர். கொழுத்த குதிரைகள் பாய்ந்தன. நோஞ்சான்களும் குட்டிகளும் உதைக்கு அஞ்சி ஒதுங்கி நின்றன. வழக்கறிஞர் பேச்சின்றித் திரும்பினாராம். கதை எழுத்துக்கு எழுத்து அப்படியே நடந்ததா என்ற ஆராய்ச்சி நமக்கெதற்கு? அந்தப் பொதுவிடுதிதான் அந்த விரிப்பு!

சாதிக்கொரு விடுதி என்றால் சாதி வளராதா? நியாயமான கேள்வி. கேட்பவர்களிலே நம் தோழர்களும் உண்டு. நமக்கும் அந்த உறுத்தல் உண்டு. அந்த உறுத்தல் கோலாப்பூரிலேயே ஒரு மாணவரின் உருவிலே எழுந்தது. பாவுராவ் பாட்டீல் என்ற சமண இளைஞர். மிஸ் கிளார்க் விடுதியின் விழாவுக்குப் போய்விட்டுத் தம் விடுதிக்குத் திரும்பினார். தீட்டுப் பட்டுவிட்டது, குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்றார்கள். அவர் மறுத்தார். விடுதியை விட்டே வெளியேற்றினார்கள். அவருக்கு அடைக்கலம் தந்தது சாகு மகராஜின் அரண்மனை! மன்னர் கட்டவைத்த விடுதியிலேயே தீட்டு குடியிருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. படுக்கையைக் கொடுத்த கை, மனத்தையும் அன்றே மாற்றிவிட முடியவில்லை.

மாற்ற முயலாதிருந்தாரா? இல்லை. கங்காராம் காம்பளே என்ற ஒடுக்கப்பட்ட தொழிலாளி, தண்ணீர்த் தொட்டியைத் தொட்டதற்காக அடிபட்டார். அடித்தவர்களைத் தண்டித்த மன்னர், காம்பளேக்குப் பணம் கொடுத்துத் தேநீர்க் கடை வைக்கச் சொன்னார். பிறகு, மேல்சாதி அலுவலர்கள் புடைசூழ, அந்தக் கடை வாசலிலே வண்டியை நிறுத்தித் தேநீர் வாங்கிக் குடிப்பார்! மன்னரே குடிக்கும்போது மற்றவர் என்ன செய்வர்? குடித்தார்கள்! 1917-ல் கட்டாய இலவசத் தொடக்கக் கல்வி. பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு மாதம் 1 ரூபாய் தண்டம். 1919-ல் ஒடுக்கப்பட்டோர்க்கென்று இருந்த தனிப் பள்ளிகளை மூடி, பிள்ளைகளைப் பொதுப் பள்ளியிலே சேர்க்கச் சொன்னார். தனி விடுதிகளைத் தந்த அதே மனிதர்தான் தனிப் பள்ளிகளை மூடினார்.

இந்த ஆண்டுகளிலேதான், கொலம்பியாவிலே படித்துத் திரும்பிய அம்பேத்கர் என்ற இளைஞரைப் பற்றி அவர் கேள்விப்பட்டார். பரேலிலே அம்பேத்கர் குடியிருந்த எளிய குடியிருப்புக்கு மன்னர் தாமே தேடிப் போனார். 1920 சனவரியில் மூக்நாயக் ஏடு தொடங்க 2,500 ரூபாய் கொடுத்தார். மார்ச்சில் மாங்கான் மாநாட்டிலே, உங்கள் தலைவர் இவர்தான் என்று அந்த மக்களுக்கு அடையாளம் காட்டினார். அதே ஆண்டு, விட்ட படிப்பைத் தொடர அம்பேத்கர் இலண்டன் புறப்பட்டபோதும் உதவினார். அறிவு இருந்தது, இடம் இருந்தது. வழிச் செலவுக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் ஒரு கை தேவைப்பட்டது. நம் நண்பனுக்கு அந்தக் கை கிடைத்திருந்தால் என்ற எண்ணம் எழுவதைத் தடுக்க முடியவில்லை.

சிக்கல் தீர்ந்த பழங்கதையா இது? டில்லி எய்ம்ஸ் நிறுவனத்தை ஆராய்ந்த தோரட் குழு, பட்டியல் இன மாணவர்கள் விடுதியிலே ஒதுங்கி வாழும் நிலைக்குத் தள்ளப்பட்டதை 2007-ல் எடுத்துக் காட்டியது. 2012-ல் பல்கலைக்கழக மானியக் குழு, உயர்கல்வி நிலையங்களிலே சம வாய்ப்புப் பிரிவு வேண்டும், பாகுபாட்டைத் தடுக்க அலுவலர் வேண்டும் என்று விதி செய்தது. சேர்த்துக்கொண்டால் மட்டும் போதாது என்பதைச் சட்ட மொழியிலே சொல்ல, கோலாப்பூர் விடுதிக்குப் பிறகு 111 ஆண்டுகள் பிடித்தன!

1922 மே 6-ல் பம்பாயிலே சாகு மகராஜ் மறைந்தார். வயது 47. அம்பேத்கர் அப்போது இலண்டனிலே படித்துக் கொண்டிருந்தார்.

விடுதியிலிருந்து விரட்டப்பட்ட பாவுராவ் என்ன ஆனார்? 1919-ல் ரயத் சிக்ஷண் சன்ஸ்தா என்ற கல்வி நிறுவனத்தை அவர் தொடங்கியிருந்தார். 1924-ல் சாத்தாராவிலே ஒரு விடுதி திறந்தார். மகர், மராட்டியர், சமணர், முஸ்லிம் என்ற பிரிவின்றிப் பிள்ளைகள் சேர்ந்து சமைத்தார்கள், ஒரே பந்தியிலே உண்டார்கள். 1927-ல் அங்கே வந்த காந்தியார் அந்த விடுதிக்குப் பெயர் சூட்டினார். சத்ரபதி சாகு விடுதி என்பது அந்தப் பெயர்.