லூயி ரெனோ: லொறிகளின் நேர் கியரும் விசாரணை நடக்காத ஒரு வழக்கும்

1898 ஆம் ஆண்டு நத்தாருக்கு முதல்நாள் இரவு, பாரிஸின் மொன்மார்த்ர் குன்றில் ஏறும் லெபிக் வீதியில் சின்னஞ்சிறு வாகனம் ஒன்று ஏறியது. ஓட்டியவர் 21 வயது லூயி ரெனோ. ஏற்றம் ஏறத்தாழ 13 வீதம். என்ஜினுக்கு இரண்டு குதிரைவலுகூட இல்லை. அன்றிரவே 12 பேர் அதைப் போன்ற வாகனம் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டுவிட்டார்கள்.

ரெனோ என்றதும் எங்களில் பலருக்குக் கார்தான் ஞாபகம் வரும். எனக்கு அவர் லொறி வழியாகத்தான் அறிமுகமானார். கிளிநொச்சிப் பக்கம் ஒரு கராஜுக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். பிரித்துப் போட்டிருந்த கியர்பொக்ஸைக் காட்டி, டொப் கியரில் இந்தப் பற்சில்லுகள் ஒன்றுமே பாரம் சுமப்பதில்லை என்று அங்கிருந்த மெக்கானிக் அண்ணை சொன்னார். அப்படியென்றால் அதை முதலில் யோசித்தது யார் என்று தேடப்போய்த்தான் இந்த மனிதரிடம் வந்து சேர்ந்தேன்.

பாரிஸில் பொத்தானும் துணியும் விற்ற வணிகக் குடும்பம் அவருடையது. பிறந்தது 1877 இல். படிப்பில் மனம் போகவில்லை. பியான்கூரில் இருந்த குடும்ப வீட்டின் பின்புறக் கொட்டில்தான் அவருடைய பட்டறை. அக்காலக் கார்கள் பெரும்பாலும் சங்கிலியாலோ பட்டியாலோ ஓடின. எந்தக் கியரிலும் என்ஜினின் வலு இடையில் பல சில்லுகளைக் கடந்தே போனது. ஒவ்வொரு கடப்பிலும் கொஞ்சம் வீணானது, கூடவே இரைச்சல். ரெனோ, மூன்றாவது கியரில் என்ஜின் பக்கத் தண்டையும் பின்சில்லுப் பக்கத் தண்டையும் நேருக்கு நேர் பூட்டிவிட்டார். பக்கத் தண்டு பாரமில்லாமல் சும்மா சுழன்றது. சங்கிலிக்குப் பதில் தண்டு. 1899 பெப்ரவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். போட்டி நிறுவனங்கள் அதைப் பயன்படுத்தியபோது வழக்குப் போட்டு உரிமைப் பணமும் வாங்கினார்.

இன்றும் பாரலொறிக்குக் கியர்பொக்ஸ் தெரிபவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். லொறி நாளின் பெரும்பகுதி எந்தக் கியரில் ஓடப்போகிறது? அந்தக் கியர் நேர் கியராக இருந்தால் சூடும் எரிபொருள் விரயமும் குறையும். ஓவர்ட்ரைவ் பெட்டியில் என்ஜின் மெதுவாகச் சுழலும், ஆனால் டொப் கியரிலும் வலு பற்சில்லுகள் வழியாகத்தான் போகும். எதை எடுத்தாலும் பின் அச்சின் டிபரென்ஷல் விகிதம் அதற்குப் பொருந்த வேண்டும். மண் வீதி, மலை, முழுப்பாரம் என்றால் துணைப்பெட்டி தேவைப்படும். ஐந்து கியருள்ள பெட்டியின் பின்னால் உயர்வு, தாழ்வு என்று இரண்டு நிலையுள்ள துணைப்பெட்டியைப் பூட்டினால் பத்துக் கியர். பழைய அமெரிக்க லொறிகளில் இதற்கென்றே தனியாக இன்னொரு தடி இருந்தது. சாரதி இரண்டு தடிகளையும் ஒத்திசைத்து மாற்ற வேண்டும். கை பழகாதவர் பற்களை உடைத்துவிடுவார்.

ரெனோவின் வாழ்வை யுத்தங்கள்தான் தூக்கின, கவிழ்த்தன. அண்ணன் மார்செல் 1903 இல் பாரிஸ்–மட்ரிட் ஓட்டப்போட்டியில் இறந்தார். மற்ற அண்ணன் பெர்னாண்ட் 1909 இல் போனார். நிறுவனம் லூயி ஒருவரின் கையில் வந்தது. 1914 செப்டெம்பரில் மார்ன் முனைக்குச் சிப்பாய்களை ஏற்றிப்போன சுமார் 600 வாடகைக் கார்களில் பெரும்பாலானவை ரெனோ. பிறகு எறிகணை, லொறி, சுழலும் கோபுரம் வைத்த எப்.ரி. தாங்கி. முதலாம் யுத்தம் முடிந்தபோது அவர் தேசத்தின் வீரர்.

1940 இல் ஜேர்மனி பிரான்ஸைப் பிடித்தது. அதே தொழிற்சாலை ஜேர்மன் இராணுவத்துக்கு ஆயிரக்கணக்கில் லொறிகளைச் செய்தது. மறுத்திருந்தால் இயந்திரங்களையும் தொழிலாளரையும் ஜேர்மனிக்கே கொண்டுபோயிருப்பார்கள் என்பது அவர் பக்கத்து நியாயம். 1942 மார்ச் 3 இரவு பிரித்தானிய விமானங்கள் பியான்கூரைத் தாக்கின. தொழிற்சாலையைக் குறிவைத்த குண்டுகள் சுற்றியிருந்த குடியிருப்புகளிலும் விழுந்தன. செத்தது நூற்றுக்கணக்கான பொதுமக்கள். குண்டு எந்த மதிலில் நிற்கும் என்பதை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

பாரிஸ் விடுவிக்கப்பட்ட பின், 1944 செப்டெம்பரில், ஒத்துழைத்த குற்றச்சாட்டில் ரெனோ பிரேன் சிறையில் அடைக்கப்பட்டார். ஏற்கனவே பேச்சுக் குழறிய நோயாளி. ஒக்டோபர் 24 அன்று, 67 வயதில், விசாரணை தொடங்கும் முன்பே தடுப்புக்காவலில் இறந்தார். சிறையில் தாக்கப்பட்டார் என்று குடும்பம் நம்பியது. 1945 ஜனவரியில் அவருடைய நிறுவனம் அரசுடைமையானது.

அவர் குற்றமற்றவர் என்று நான் எழுதவரவில்லை. எதிரியின் லொறிகள் அந்த வாசலால்தான் வெளியே போயின. அந்த லொறிகளுக்கு யார் பொறுப்பு, மறுக்க உண்மையில் இடமிருந்ததா என்பதை ஒரு நீதிமன்றம் சாட்சிகளை அழைத்துக் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வி குண்டுவீச்சில் வீடிழந்த பியான்கூர்த் தொழிலாளருக்கும் உரியது, ரெனோ குடும்பத்துக்கு மட்டுமானதல்ல. 2011 இல் அவருடைய பேரப்பிள்ளைகள் அரசுடைமையாக்கலை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். அதைக் கேட்கத் தனக்கு அதிகாரமில்லை என்று பாரிஸ் நீதிமன்றம் 2012 இல் சொல்லிவிட்டது.