தானே இணைத்த தொலைபேசி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், தொலைபேசியில் ஒருவரை நேரடியாக அழைக்க இயலாது. இணைப்பகப் பணியாளரிடம் யாருடன் பேச வேண்டும் என்று கூறவேண்டும். அவர் கம்பியின் முனையை உரிய துளையில் செருகி இணைப்பு வழங்குவார். இம்முறையை மாற்றி அமைத்தவர் பொறியாளர் அல்லர். இறந்தோரின் இறுதிச்சடங்கிற்கு ஏற்பாடு செய்து தரும் தொழிலை நடத்தியவர். அவரே ஆல்மன் பிரவுன் ஸ்ட்ரோஜர்.

1839ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் பென்ஃபீல்டில் பிறந்த ஸ்ட்ரோஜர், அமெரிக்க உள்நாட்டுப் போரில் குதிரைப்படை வீரராகப் பணியாற்றினார். பின்னர் ஆசிரியரானார், அதன்பின் கான்சாஸ் நகரில் தொழில் நடத்தினார். தமக்கு வரவேண்டிய அழைப்புகள் தொழிற்போட்டியாளருக்குத் திருப்பப்படுவதாக அவர் ஐயுற்றார். போட்டியாளரின் மனைவியே இணைப்பகப் பணியாளர் என்றொரு செய்தி வழங்கிவருகிறது. அது எவ்வாறாயினும், பிறர் கையை நம்பி நிற்கும் நிலை அவரை வருத்தியது. அழைப்பவரே இணைப்பைத் தேர்ந்தெடுத்தால் என்ன என்ற எண்ணம் பிறந்தது.

கழுத்துப்பட்டை வைக்கும் வட்டப் பெட்டியில் குண்டூசிகளைக் குத்தி, அவர் முதல் மாதிரியை அமைத்தார் என்பர். 1891ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. மறு ஆண்டு நவம்பரில் இந்தியானா மாநிலத்து லா போர்ட் நகரில் அவரது தானியங்கி இணைப்பகம் செயற்படத் தொடங்கியது. தொடக்கத்தில் பயனாளர்கள் பொத்தான்களை அழுத்தியே எண்ணைத் தெரிவித்தனர். எண்களைச் சுழற்றும் வட்டு, அவர்தம் நிறுவனப் பொறியாளர்களால் 1896இல் உருவாக்கப்பட்டது.

நான்கு என்னும் எண்ணைச் சுழற்றினால் கம்பிவழியே நான்கு மின்துடிப்புகள் செல்லும். இணைப்பகக் கருவியின் கை நான்கு படிகள் மேலேறும். அடுத்து ஏழைச் சுழற்றினால், அக்கை அவ்வரிசையில் ஏழு இடங்கள் நகர்ந்து நிற்கும். பத்து வரிசை, வரிசைக்குப் பத்து இடம் என நூறு இணைப்புகள் ஒரு கருவிக்குள் அடங்கின. பல இணைப்பகங்கள் உள்ள நகரில், முதல் எண்கள் உரிய இணைப்பகத்திற்கு வழி திறக்கும். எஞ்சிய துடிப்புகள் அங்குள்ள கருவியை இயக்கும். இவ்வாறு, பேச்சுக்கு முன்பே இணைப்பகங்கள் தமக்குள் உரையாடும் சமிக்ஞை மொழி ஒன்று வளர்ந்தது.

ஸ்ட்ரோஜர் 1896இல் தம் காப்புரிமைகளை 1,800 டாலருக்கும், 1898இல் நிறுவனப் பங்கைப் 10,000 டாலருக்கும் விற்றார். உடல்நலம் குன்றிய அவர் ஃபுளோரிடா மாநிலத்தின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1902ஆம் ஆண்டு மறைந்தார். 1916இல் அதே காப்புரிமைகளை பெல் நிறுவனம் 25 இலட்சம் டாலருக்குப் பெற்றது. அப்பெருஞ்செல்வம் அவரைச் சேரவில்லை.

இன்று மேலேறிச் சுழலும் அக்கருவிகள் இல்லை. சமிக்ஞைகள் பேச்சிலிருந்து பிரிந்து தனிவழியில் விரைகின்றன. எண்ணை ஆராய்ந்து, வழியை ஒதுக்கி, மணியை ஒலிக்கச் செய்து, பேச்சு முடிந்ததும் வழியை விடுவிக்கின்றன. ஆயினும் அழைப்பவரின் விரலே வழியைத் தீர்மானிக்க வேண்டும் என்னும் ஸ்ட்ரோஜரின் கோட்பாடு, ஒவ்வோர் அழைப்பிலும் உயிர்ப்புடன் விளங்குகிறது.