உ.வே.சா.வுக்கு வழிவிட்ட சோர்வு

1880-ஆம் ஆண்டின் தொடக்கம். கும்பகோணம் கல்லூரியின் தமிழாசிரியர் தியாகராச செட்டியார், தமது உடல்நலம் இனி வகுப்பறைக்கு இடம் கொடுக்காது என்று உணர்ந்தார். புலமைக்கும் கண்டிப்புக்கும் பெயர் பெற்றவர் அவர். பதவியைப் பற்றிக்கொண்டு, இயன்ற நாளில் பாடம் நடத்தி, இயலாத நாளில் மாணவர்மீது சினந்து இன்னும் சில ஆண்டுகளைக் கழித்திருக்கலாம். அவரைக் கேட்பார் இல்லை. ஆனால், தமக்குப் பின் அந்த நாற்காலியில் அமரத் தக்கவர் யார் என்று எண்ணித் திருவாவடுதுறைக்குப் புறப்பட்டார். அங்கே மடத்தில் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார், இருபத்தைந்து வயதை எட்டவிருந்த ஓர் இளைஞர். அவர்தாம் உ.வே.சாமிநாதையர்.

உழைப்புக்கு எடுத்துக்காட்டாக மேடைதோறும் காட்டப்படும் பெயர் உ.வே.சா. ஓலைச்சுவடிகளைத் தேடி அலைந்தார், இரவெல்லாம் விழித்திருந்தார், எண்பத்தேழு வயதுவரை எழுதினார் என்று சொல்லி, வேலை மிகுதியால் சோர்ந்துபோனதாகக் கூறும் இளைஞரை நாணச் செய்வது நமக்கு வழக்கமாகிவிட்டது. அவருடைய வாழ்வை முழுமையாகப் படித்தால் வேறொரு செய்தியும் கிடைக்கிறது.

உ.வே.சா.வைக் காவிரிக் கரைக்கு உரியவராகவே பலரும் எண்ணுகிறோம். அவர் 1855 பிப்ரவரி 19 அன்று பிறந்தது பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தில்தான். ஆயினும் அவரிடம் தமிழ்ச் சுவை முளைவிட்டது இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் மண்ணில். தந்தை வேங்கடசுப்பையர், உடையார்பாளையம் சமஸ்தானத்தில் விளங்கிய கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். அரியலூர் ஜமீனின் ஆதரவில் குடும்பம் அங்கே வாழ்ந்தது. அரியலூர்ச் சடகோபையங்கார் சொல்லிக் கொடுத்த தமிழே சிறுவனின் உள்ளத்தை முதலில் பற்றியது. ஜமீனின் ஆதரவு குறைந்தபோது குடும்பம் ஊர் ஊராகப் பெயரத் தொடங்கியது. குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று ஊர்தோறும் ஓர் ஆசிரியர் கிடைத்தார். தந்தையோ இசையோடு புராணக் கதைகளைச் சொல்லி, அன்பர்கள் தருவதைக் கொண்டு குடும்பம் நடத்தினார். நாளைக்கு என்ன என்பது தெரியாத உழைப்பு எப்படியிருக்கும் என்பதை உ.வே.சா. முதலில் கண்டது தம் வீட்டில்தான். பின்னாளில் அவரும் காரை என்னும் ஊரில் திருவிளையாடற் புராணம் பிரசங்கம் செய்து, தம் திருமணத்துக்காக ஏற்பட்ட கடனை அடைக்க நேர்ந்தது.

1871-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர மாயூரம் சென்றார். பிள்ளையின் வாழ்க்கை ஓய்வறியாதது. காலையில் பாடம், நண்பகலிலும் பாடம், இடையே ஏதேனும் ஓர் ஊரார் கேட்டுக்கொண்ட தலபுராணத்துக்குச் செய்யுள்கள். அவர் சொல்லச் சொல்ல மாணவர்கள் ஏட்டில் எழுதுவார்கள். மாணவர்களுக்கு உணவும் தருபவர் அவரே. கடன் வளர்ந்துகொண்டே இருந்தது. தமிழ்நாடே போற்றிய அந்தக் கவிஞர், கடனும் நோயும் தொடர, 1876 பிப்ரவரி 1 அன்று, அறுபத்தோராவது வயது நிறைவதற்கு முன்பே மறைந்தார். அவரைத் தாங்கிப் பிடிக்க நிலையான ஊதியமோ, விடுமுறையோ, சுமையைப் பகிர்ந்துகொள்ளும் நிறுவனமோ இல்லை. மடத்தின் ஆதரவும் அன்பர்களின் கொடையும் இருந்தன, அவை போதவில்லை.

பிள்ளையின் மூத்த மாணவர்களுள் ஒருவர்தாம் பூவாளூர்த் தியாகராச செட்டியார். ஆசிரியர் எவ்வாறு தேய்ந்துபோனார் என்பதை அவர் நன்கு அறிந்தவர். தம் உடல் காட்டிய அடையாளத்தை மதித்து, நான்கு ஆண்டுகளில் அவர் பணியை விட்டதற்கு அந்த நினைவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். உ.வே.சா.வை அனுப்பச் சுப்பிரமணிய தேசிகருக்கு மனமில்லை; செட்டியார் விடாமல் வேண்டி இசைவு பெற்றார். கல்லூரித் தலைவர் கோபால ராவிடம் பரிந்துரைத்தவரும் அவரே. 1880 பிப்ரவரியில், மாதம் ஐம்பது ரூபாய் ஊதியத்தில் உ.வே.சா. கல்லூரி ஆசிரியரானார். ஊர் ஊராக அலைந்த குடும்பத்துக்கு மாதந்தோறும் தவறாது வரும் ஊதியம் என்பது எத்தகைய விடுதலை!

அதே ஆண்டு அக்டோபரில் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று முதலியார் வினவினார். அதன்பின் நிகழ்ந்தது நாம் அறிந்த வரலாறு. 1887-இல் சிந்தாமணி, 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. அத்தனையும் கல்லூரிப் பாடவேளைக்கு வெளியே.

இவ்வளவையும் அவர் தாங்கியது எவ்வாறு? அச்சு வேலையை மேற்பார்வையிடக் கல்லூரி விடுமுறைகளில் சென்னைக்குச் சென்றார். விடுமுறை என்ற ஒன்று இருந்ததால்தான் அது கைகூடியது. சுவடியைப் படித்து ஒப்புநோக்கத் திருமானூர்க் கிருஷ்ணையர் முதலிய அன்பர்கள் உடனிருந்தார்கள், முதுமையில் கி.வா.ஜகந்நாதன் துணைநின்றார். சிந்தாமணிப் பதிப்பைத் தாக்கிக் கண்டனங்கள் வெளிவந்தபோது அவர் மனம் நொந்தார். கல்லூரியில் உடன் பணியாற்றிய சாது சேஷையர், அவற்றுக்கு விடை எழுதிக் காலத்தைக் கழிக்க வேண்டாம் என்று தடுத்தார். ஒரு மனிதர் தம் வேலையின் மீதே வெறுப்புக் கொள்ளத் தொடங்கும் வேளையில், பக்கத்து அறையில் இருப்பவர் சொல்லும் ஒரு சொல் எவ்வளவு பெரிய காப்பு!

பணிச்சோர்வைப் பற்றி இன்றைய அறிவியல் கூறுவதும் இதிலிருந்து அதிகம் விலகவில்லை. 1974-இல் அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் பிராய்டன்பர்கர் இதைப் பற்றி எழுதினார். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் இதற்கு விளக்கம் அளித்தது. நோய் என்று அன்று. முறையாகக் கையாளப்படாத நீடித்த பணி அழுத்தத்தால் பணியிடத்தில் விளையும் நிலை என்று. ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகி அதன்மீது கசப்புக் கொள்ளுதல், முன்பு எளிதாகச் செய்ததைச் செய்ய இயலாமை ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். காரணம் பணியிடத்தில் இருக்கும்போது, தீர்வை மட்டும் ஊழியரின் மனவுறுதியில் தேடுவது எவ்வகையில் நியாயம்?

உ.வே.சா. தமிழ் பயின்ற அரியலூரைச் சுற்றி இன்று சிமெண்ட் ஆலைகள் இரவு பகலாக இயங்குகின்றன. சூளையை நினைத்தபோது அணைக்க இயலாது. ஆகவே மனிதர்கள் முறைமாற்றி விழித்திருக்கிறார்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 2023 ஏப்ரலில் நாள்தோறும் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்ததால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. வாரம் எழுபது மணி நேரம் உழைக்க வேண்டும், தொண்ணூறு மணி நேரம் உழைக்க வேண்டும் என்று தொழிலதிபர்கள் அறிவுரை கூறும் காலம் இது. அவர்கள் கேட்பது பிள்ளையின் உழைப்பை. தர முன்வராதது உ.வே.சா.வுக்குக் கிடைத்த துணையை. இரவுப்பணி முடிந்து வருபவர் தம்மால் இயலவில்லை என்று மேலாளரிடம் சொன்னால், மறுநாள் வேலை இருக்குமா என்ற அச்சமின்றிச் சொல்ல முடிகிறதா? செட்டியாரின் சொல்லைக் கேட்டு ஆவன செய்ய ஒரு கோபால ராவ் இருந்தார்.

1903-இல் உ.வே.சா. சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பட்டார். 1919-இல் ஓய்வு பெற்றார். முப்பத்தொன்பது ஆண்டு ஆசிரியப் பணி. அதன்பின் சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரித் தலைவராக 1924 முதல் 1927 வரை இருந்தார். 1937-இல் குறுந்தொகை வெளிவந்தது. 1940 முதல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றைத் தொடராக எழுதினார், அது முற்றுப்பெறவில்லை. போர் அச்சத்தால் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றத்துக்குப் பெயர்ந்திருந்த நிலையில், 1942 ஏப்ரல் 28 அன்று காலமானார்.

தமக்கு வழிவிட்டவரை அவர் மறக்கவில்லை. தியாகராச செட்டியாரின் வரலாற்றைத் தனி நூலாக எழுதினார். அது 1942-இல் வெளிவந்தது. திருவல்லிக்கேணியில் தாம் வாங்கிய வீட்டுக்குத் தியாகராச விலாசம் என்று பெயர் வைத்தார். அந்த வீடு 2012-இல் இடிக்கப்பட்டது.